காலண்டர் குடும்பம்

எங்கள் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு, அதாவது பி.ஆர்.ஓ.வுக்கு, புகைப்படம் பற்றிச் சில சட்டங்கள் இருந்தன. படத்தில் யார் கையும் சும்மா தொங்கக் கூடாது. யாரும் காமிராவைப் பார்க்கக் கூடாது. மாலை போடுவதையும் ரிப்பன் வெட்டுவதையும் எடுத்து அனுப்பினால் பத்திரிகைக்காரன் குப்பையில்தான் போடுவான். பொருளைக் காட்டாதே, அந்தப் பொருளோடு சந்தோஷமாக இருக்கும் மனிதனைக் காட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வாடகைக்கு மாடல்களைக் கூப்பிடாதே. நம் ஊழியர்களையே எடு, ஏனென்றால் நிஜ மனிதர்களின் முகத்தில் இருக்கும் உண்மை எந்த மாடலிடமும் கிடைக்காது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்துப் பலமுறை டைப் அடித்தவள் நான். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் ஒப்பிப்பேன். எல்லாம் நல்ல சட்டங்கள்தான். அவற்றின்படி எடுத்த ஒரு படத்தால் என் அக்காவின் கல்யாணம் நின்றது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்கத்தா டல்ஹவுசியில் எங்கள் அலுவலகம், மின்விசிறி செய்யும் கம்பெனி. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. மிச்சமிருந்த மூன்று பேரும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். அப்பா டெஸ்பாட்ச் பிரிவில் தலைமை குமாஸ்தா, அக்கா டெலிபோன் போர்டில் ஆபரேட்டர், நான் பி.ஆர்.ஓ.வுக்கு ஸ்டெனோ. காலையில் மூன்று பேரும் ஒரே டிராமில் போவோம்.

டிராமில் அப்பா தமிழ் பேசுவார். தேங்காய் விலை, அடுத்த வீட்டு வங்காளி மாமி போஸ் மாஷிமாவின் நாய் என்று எல்லாம் பேசுவார். கம்பெனி கேட்டுக்குள் காலை வைத்ததும் தமிழ் போய்விடும். ஏதோ ஒரு வெள்ளைக்கார மேனேஜர், தனக்குப் புரியாத பாஷையில் ஊழியர்கள் பேசுவது மரியாதைக் குறைவு என்று அப்பாவின் இளவயதில் சொன்னாராம். அந்த மேனேஜர் கப்பலேறிப் போய் எத்தனையோ காலமாகியும் அப்பா அந்த உத்தரவை விடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வாழைக்காய் வேண்டுமென்றாலும் போர்டுக்குப் போன் செய்து, தன் பெரிய பெண்ணிடம், “மிஸ், கைண்ட்லி பர்ச்சேஸ் டூ பிளான்டெய்ன்ஸ்” என்பார். அக்காவும் “யெஸ் சார்” என்பாள். நாங்கள் இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இவ்வளவு விசுவாசத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும்.

பி.ஆர்.ஓ.வும் தமிழர்தான். லேக் கார்டன்ஸில் பெரிய ஃபிளாட்டில் இருந்தார். அலுவலகத்துக்கு வெளியே அப்பாவை வாய் நிறைய மாமா என்று கூப்பிடுவார், உள்ளே மிஸ்டர் போட்டுக் கூப்பிடுவார். அந்த வருஷம் கம்பெனியின் துர்கா பூஜை மலருக்கு ‘எங்கள் ஊழியர் ஒருவரின் இல்லம்’ என்று ஒரு படம் போட நினைத்தார். விற்பனைக் கணக்கில் இருந்த ஒரு வங்காளி இளைஞனைப் பிடித்தார். பார்க்க லட்சணமாக இருப்பான். மனைவியும் கைக்குழந்தையும் உண்டு. மனைவியைப் பார்த்ததும் பி.ஆர்.ஓ. முகம் சுளித்தார். பல் எடுப்பாக இருக்கிறது, படத்துக்கு ஆகாது என்று அந்தப் பெண்ணின் எதிரிலேயே என்னிடம் தமிழில் சொன்னார். பிறகு டெலிபோன் போர்டில் இருக்கும் பெண்ணைக் கூட்டி வா என்றார்.

அப்பாவிடம் கேட்டார்கள். கம்பெனிக்குள்ளேயே சுற்றும் பத்திரிகைதானே, வெளியே போகாது என்றார் பி.ஆர்.ஓ. அடுத்த ஆனியில் அப்பா ஓய்வு பெற வேண்டும். பணி நீட்டிப்புக்கு மனுப் போட்டிருந்தார். அந்த மனுவைப் பற்றி மேலே ஒரு வார்த்தை சொல்வதாகவும் பி.ஆர்.ஓ. பேச்சுவாக்கில் சொன்னார். அப்பா அக்காவைக் கேட்கக்கூட இல்லை. அப்போதே சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

படம் எடுத்தது லேக் கார்டன்ஸில், பி.ஆர்.ஓ.வின் வரவேற்பறையில். குமாஸ்தாவின் வீடு என்று நம்ப வேண்டுமே என்று வெள்ளிச் சாமான்களை மட்டும் எடுத்து ஒளித்துவைத்தார்கள். அக்காவுக்குச் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை, வங்காளிக் கட்டு. கைக்கு, கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடும் சங்கு வளையல் வேண்டும். இளைஞனின் மனைவியைத் தன் வளையலைக் கழற்றித் தரச் சொன்னார்கள். அவள் முடியாது என்று கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். ஆள் அனுப்பிக் காளிகாட்டிலிருந்து வாங்கி வந்தார்கள். வகிட்டில் குங்குமம் வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, கல்யாணமாகாத பெண். பி.ஆர்.ஓ.வின் மனைவி தன் உதட்டுச்சாயத்தை எடுத்து அக்காவின் வகிட்டில் நீளமாக இழுத்தாள்.

எல்லாம் தயாரானதும் கரண்ட் போயிற்று. கல்கத்தாவில் அன்று அது அதிசயமே இல்லை. விசிறிக் கம்பெனியின் விளம்பரப் படத்துக்கு விசிறி சுற்றவில்லை. காவல்காரனை ஸ்டூலில் ஏற்றிக் குச்சியால் விசிறியைத் தள்ளிவிடச் சொன்னார்கள். காமிராவுக்குப் படாத இடத்தில் நின்று நான் பனையோலை விசிறியால் அக்காவின் முன்முடியைப் பறக்கவிட்டேன். அக்காவின் மடியில் குழந்தை வீறிட்டு அழுதது. அதன் நிஜ அம்மா புகைப்படக்காரனின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டி, நாக்கைத் துருத்தி, வேடிக்கை காட்டினாள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் பிடித்துப் போட்டார்கள். படம் அற்புதமாக வந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

ஐப்பசியில் அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் நிறத்துக்கும் நட்சத்திரத்துக்கும் தட்டிப்போனவை. இந்தப் பையனுக்குக் கும்பகோணம் சொந்த ஊர், திருச்சியில் பேங்க் வேலை. சித்தப்பாவோடு கல்கத்தாவுக்கே வந்து பார்த்தான். பஜ்ஜியைத் தொடாமல் அக்காவிடம் நேராக, “நாள் பூரா ஊரார் பேச்சைக் கேக்கறேளே, உங்க பேச்சை யார் கேப்பா?” என்று கேட்டான். அக்காவை அதுவரை யாரும் அப்படி ஒன்று கேட்டதில்லை. அவன் போன பிறகு அவள் சமையல் கட்டில் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒரே ஆள் அவன்தான். தையில் நிச்சயதார்த்தம், பங்குனியில் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். பையனின் சித்தப்பாவுக்குக் கும்பகோணத்தில் எலக்ட்ரிகல் கடை. எங்கள் கம்பெனி விசிறிக்கு அந்த ஊரில் அவர்தான் டீலர். இது தெய்வச் செயல் என்றார் அப்பா.

மார்கழியில் புது வருஷக் காலண்டர் வந்தது. பூஜை மலரில் வந்த படத்தைப் பார்த்த மேனேஜிங் டைரக்டர் மயங்கிப்போய் அதையே காலண்டருக்கும் போடச் சொல்லியிருந்தார். அச்சகத்துக்குப் போன காகிதம் எதுவும் என் கைக்கு வரவில்லை, பி.ஆர்.ஓ. தானே கவனித்துக்கொண்டார். மேலே பெரிதாகப் படம், கீழே மாதாமாதம் கிழிக்கும் தேதித் தாள். நடுவில், ‘மாடல்கள் அல்ல. எங்கள் ஊழியர் குடும்பம், தங்கள் வீட்டில்’ என்று ஆங்கிலத்திலும் பல பாஷைகளிலும் போட்டிருந்தது. தமிழிலும் இருந்தது. காலண்டர் கட்டுகளை நாடு முழுக்க டீலர்களுக்கு அனுப்பியது யாரென்று நினைக்கிறீர்கள்? டெஸ்பாட்ச் தலைமை குமாஸ்தா, என் அப்பா.

ஒன்றைச் சுருட்டி வீட்டுக்கும் கொண்டுவந்தார். முகமெல்லாம் பூரிப்பு. கும்பகோணத்துக் கட்டில் கூடுதலாகச் சேர்த்து அனுப்பியிருக்கிறேன், சம்பந்தி வீட்டில் நம் பெண்ணின் படத்தைப் பார்த்து அசந்துபோகட்டும் என்றார். அக்கா காலண்டரை விரித்துப் பார்த்தாள்.

“அப்பா, வகிட்டைப் பாத்தேளா?” என்றாள்.

அவர் அப்போதுதான் பார்த்தார். கம்பெனி தன் பெண்ணைக் காலண்டரில் போட்டிருக்கிறது என்பது மட்டும்தான் அதுவரை அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. வகிட்டில் சிவப்பு, கையில் சங்கு வளையல், மடியில் குழந்தை, பக்கத்தில் புருஷன் என்று ஒன்றுமே தெரியவில்லை. இப்படி ஒரு மனிதன் இருப்பானா என்று யாராவது கேட்டால், இருந்தார், அவர் சம்பளத்தில்தான் நான் வளர்ந்தேன் என்று சொல்வேன்.

சித்தப்பா வழக்கம்போலக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காலண்டரைக் கொடுத்திருக்கிறார். பெண்ணின் ஜாதகத்தோடு போன படத்தைப் பார்த்திருந்தவர்கள் அந்தத் தெருவிலேயே பலர். பையன் வீட்டிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அப்பா உடனே உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டார். அவர்கள் நல்ல மனிதர்கள். நாங்கள் நம்புகிறோம், ஆனால் ஊர் வாய் பெரிது, அச்சில் இப்படிப் போட்டிருக்கிறதே, கம்பெனி அதிகாரி ஒருவர் வாயால் இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், ஊரில் அதைச் சொல்லி வாயை அடைத்துவிடுவோம் என்று பதில் எழுதினார்கள். சித்தப்பாவே டிரங்க் கால் போட்டுக் கேட்பதாகவும் ஒரு நாளைக் குறித்திருந்தார்கள்.

அப்பா பி.ஆர்.ஓ.வின் மேஜை முன்னால் கைகட்டி நின்று கேட்டார். அதற்கென்ன, ஒரு வரி, சொன்னால் போச்சு என்றார் அவர். நானும் நம்பினேன். கால் வரவேண்டிய நாள் காலை அக்கா டிராமில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கால் வரும் நேரத்துக்கு அப்பா பி.ஆர்.ஓ.வின் அறைக்கு வந்து ஓரமாக நின்றார். நான் நோட்டும் பென்சிலுமாக என் இடத்தில் இருந்தேன். கதவைத் திறந்துகொண்டு மேனேஜிங் டைரக்டர் வந்தார். கூடவே இரண்டு பத்திரிகைக்காரர்கள். சுவரில் இருந்த காலண்டரைக் காட்டி, மாடலே கிடையாது, எல்லாம் எங்கள் ஆட்கள் என்று அவர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது போன் மணி அடித்தது. அக்காதான் இணைப்புக் கொடுத்தாள். “கும்பகோணம் ஆன் தி லைன், சார்” என்ற அவள் குரல் எனக்கே கேட்டது.

பி.ஆர்.ஓ. ரிசீவரை எடுத்தார், மேனேஜிங் டைரக்டரைப் பார்த்தார், சிரித்தார். தெற்கே ஒரு டீலர் காலண்டரைப் பாராட்டப் பேசுகிறார், இதோ படத்தில் இருக்கும் பெண்ணின் அப்பாவே இங்கே இருக்கிறார், அவரே பேசட்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லி ரிசீவரை அப்பாவின் கையில் திணித்தார். கெட்டிக்காரனென்றால் பி.ஆர்.ஓ.தான், ஒரு துளி தன் மேல் சிந்தவிடவில்லை.

ஆனாலும் வழி அடைபடவில்லை. மேனேஜிங் டைரக்டருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அது வெறும் நாடகம், என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அப்பா தமிழில் சொல்லியிருந்தால் அந்த அறையில் யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. பி.ஆர்.ஓ. வாயைத் திறந்திருக்க மாட்டார். சித்தப்பா தமிழில்தான் கேட்டார். இரைச்சலான லைன் என்பதால் கத்திக் கேட்டார், நிஜக் குடும்பமா, சும்மா எடுத்த படமா என்று.

அவர் என்ன கேட்கிறார் என்றார் மேனேஜிங் டைரக்டர். அப்பா நிமிர்ந்து நின்றார்.

“ஹி ஈஸ் ஆஸ்கிங், சார், வெதர் இட் ஈஸ் ரியல் ஃபேமிலி, சார்.”

அப்படியானால் சொல்லுங்கள் என்றார் அவர். நான் எழுந்துவிட்டேன். “அப்பா, தமிழ்ல சொல்லுங்கோ” என்றேன், சத்தமாகவே. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “மிஸ், ப்ளீஸ் கீப் கொயட்” என்றார். பிறகு ரிசீவரில், வாழ்நாள் பூராவும் பழகிய அந்த அலுவலகக் குரலில் சொன்னார்.

“யெஸ், சார். ஜெனுயின், சார். ஆல் ஜெனுயின்.”

மேனேஜிங் டைரக்டர் அவர் தோளில் தட்டினார். அப்பா ரிசீவரை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டு, வழிவிட்டு நின்றார். உள்ளேயிருந்து ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் அதைத் தாங்கியில் வைத்துவிட்டு டெலிபோன் போர்டுக்கு ஓடினேன். உண்மையை அக்காவே சொல்லிவிடட்டும், நானாவது பிடுங்கிச் சொல்கிறேன் என்றுதான் ஓடினேன்.

அக்கா காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள். லைன் இன்னும் அறுபடவில்லை. எல்லாவற்றையும் அவள் கேட்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. சித்தப்பா அவளிடம் பேசிக்கொண்டிருந்தார். பெரியவர் என்னவோ இங்கிலீஷில் சொன்னார், எனக்குச் சரியாகப் புரியவில்லை, நீ தமிழ்ப் பெண் மாதிரி இருக்கிறது, நீயாவது சொல்லம்மா, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டாராம். பேசுவது யாரென்று அவருக்குத் தெரியாது. அவள் பதில் சொன்னபோது நான் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

“ஆயிடுத்து மாமா,” என்றாள் அக்கா. “அவ அப்பாவே பண்ணி வெச்சுட்டார்.”

பிளக்கைப் பிடுங்கினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. ஏண்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, அப்பா சொன்ன பிறகு நான் மாற்றிச் சொன்னால் அவர்கள் யாரை நம்ப வேண்டும் என்று திருப்பிக் கேட்டாள். அடுத்த காலுக்கு விளக்கு எரிந்தது, எடுத்து “நம்பர் ப்ளீஸ்” என்றாள்.

ஜாதகம் திரும்பி வந்தது. எம்.டி. நின்றுகொண்டிருந்தாரே, நான் என்ன செய்வேன் என்று அப்பா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பணி நீட்டிப்பும் கிடைக்கவில்லை. ஆனியில் ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாலை போடும் படம் உதவாது என்று சட்டம் இருந்ததால் அதைப் படம்கூடப் பிடிக்கவில்லை. பி.ஆர்.ஓ. மட்டும் நன்றாக இருந்தார். வியாபாரத்தில் புகைப்படத்தின் பயன் பற்றிப் பேச ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். படத்தில் உண்மை இருக்க வேண்டும் என்ற பேச்சை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். வேலையை விட்டுவிட்டு எங்கே போவது?

மழைக்காலத்தில் அவர் போர்டுக்கே நேரில் வந்தார். காலண்டர் குடும்பத்தை டீலர்கள் விசாரிக்கிறார்கள், இந்த வருஷமும் அதே குடும்பத்தைப் போட வேண்டும், குழந்தை வளர்ந்திருப்பதைக் காட்டினால் எடுபடும் என்றார். அக்கா அவரைத் துரத்திவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ சாதாரணமாக, “வரேன் சார். ஆனா தாத்தா இல்லாத குடும்பமா? எங்கப்பாவும் இருக்கட்டும்” என்றாள். பி.ஆர்.ஓ. துள்ளிக் குதித்தார். மூன்று தலைமுறை, ஒரே விசிறி, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்றார்.

அப்பா மாட்டேன் என்றார், வயிற்று வலி என்றார். “கம்பெனி கேக்கறதுப்பா” என்றாள் அக்கா. அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. சலவை வேஷ்டி கட்டிக்கொண்டு லேக் கார்டன்ஸுக்கு வந்தார்.

இந்தத் தடவை அக்கா உதட்டுச்சாயத்தைத் தானே வாங்கி வகிட்டில் இழுத்துக்கொண்டாள், கண்ணாடிகூடப் பார்க்கவில்லை. அந்த இளைஞனின் மனைவி பழைய இடத்திலேயே நின்று, அவரை தாது என்று கூப்பிடு என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தாள். வங்காளிக் குழந்தைகள் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடும். குழந்தை அப்பாவின் மடியில் ஏறி, மோவாயைப் பிடித்துக்கொண்டு, தாது, தாது என்றது. காமிராவைப் பார்க்க வேண்டாம், மகளைப் பாருங்கள் என்றான் புகைப்படக்காரன். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா சட்டப்படி சிரித்தாள். அப்பாவின் கண் நிரம்பி வழிந்தது. எடு, எடு என்று கிசுகிசுத்தார் பி.ஆர்.ஓ. பிறகு என் பக்கம் திரும்பி, பார்த்தாயா, எந்த மாடலுக்கு இது வரும் என்றார்.

அந்தக் காலண்டரைக் கூடத்தில், அப்பா சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே ஆணியடித்து மாட்டினாள் அக்கா. மாதம் பிறந்தால் கீழே தாளைக் கிழிப்பாள், மேலே படம் அப்படியே இருக்கும். அப்பா தலையைக் குனிந்துகொண்டே சாப்பிடப் பழகினார். அக்காவைப் பற்றி எனக்கும் அப்போது பயமாகத்தான் இருந்தது. ஒரு நாள் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவர் தாங்காமல், “அதைக் கழட்டிடேன் அம்மா, கண்ணால பாக்க முடியலை” என்றார், நல்ல தமிழில்.

அக்கா மோர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக நின்றாள்.

“நோ, சார்,” என்றாள். “இட் ஈஸ் ஜெனுயின், சார்.”

அப்பா மோருக்குக் காத்திருக்காமல் கை கழுவ எழுந்தார்.